சந்தனப் பொட்டு வைத்த கேஜ்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நான் பணியாற்றிய பட்டறையில், முதலாளியைச் சேர்க்காமல், பதினொரு பேர் இருந்தோம். பத்துப் பேர் பொருள் செய்தார்கள். அது சரியாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது பதினொன்றாமவனாகிய என் வேலை. இன்ஸ்பெக்டர் என்று என்னை அழைத்தார்கள். திருமுல்லைவாயிலில் என் தெருக்காரர்கள் நான் போலீசில் சேர்ந்துவிட்டதாகச் சில மாதங்கள் நம்பினார்கள். மறுத்துப் பார்த்தேன். மறுப்பதை என் அடக்கமாக எடுத்துக்கொண்டதால் பிறகு விட்டுவிட்டேன்.

அது அறுபதுகளின் பிற்பகுதி. என் பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்திருந்தது. மற்றவற்றை நானே கற்றேன். நான்கு ஆண்டுகள் லேத் இயந்திரத்தில் நின்றேன். வரைபடம் பார்க்கப் பழகினேன். ஆங்கில எழுத்துகளை இயந்திரங்களில் பதித்திருந்த பித்தளைத் தகடுகளைப் பார்த்துப் படித்தேன். முதலாளி என்னைப் பரிசோதனை மேசைக்கு மாற்றியபோது இரண்டு காரணங்களைக் கூறினார். என் கையெழுத்து நன்றாக இருந்தது என்பது ஒன்று. நான் லேத்தில் நிற்காமலிருப்பது உற்பத்திக்கு நல்லது என்பது மற்றொன்று. இரண்டையும் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டேன்.

என் மேசைக்கு அதிகமாக வந்த பொருள் பம்புகளுக்கான புஷ். கட்டைவிரல் நீளமுள்ள ஓர் உலோகக் குழல் அது. அதன் துளைக்குள் பம்பின் தண்டு சுழலும். துளை சிறிதானால் தண்டு உள்ளே போகாது; பெரிதானால் தண்டு ஆடும். இவ்விரண்டுக்கும் நடுவே அனுமதிக்கப்பட்ட இடம் ஒரு தலைமயிரின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு. அதைக் கண்ணால் காண முடியாது. ஆகவே கேஜ் என்னும் கருவி இருந்தது. பேனா நீளத்தில் எஃகு உருளை. அதன் ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும். மறுமுனை நுழையக் கூடாது. அவ்வாறு இருந்தால் புஷ் சரி. கேஜுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கும் அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை என்று கருதினேன்.

வேலையில் நேர்த்தி என்பதைப் பற்றி அப்போது எனக்குத் திட்டவட்டமான கருத்துகள் இருந்தன. சரியாக இருக்கும் புஷ்ஷைக் குறித்து நான் ஒன்றும் சொல்வதில்லை, தட்டில் வைத்துவிடுவேன். சரியாகச் செய்வது ஒருவருடைய கடமை, கடமையைச் செய்தவருக்கு அச்செய்தியைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்பது என் கொள்கை. தவறாக இருந்தால் மட்டும் "தவறு" என்று பட்டறை முழுவதும் கேட்கும்படி சொல்லி, சிவப்புப் பெயிண்ட்டில் ஒரு பொட்டு வைத்து, மேசைக்கு அடியிலிருந்த மரப்பெட்டியில் போடுவேன். ஆண்டு முடிவில் அந்தப் பெட்டி உருக்குவதற்குப் போகும். சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் அவ்வாண்டில் அவர் செய்த தவறுகளின் எண்ணிக்கையை எழுதி வந்தேன். என் பெயரும் அதில் உண்டு. நான் எதையும் செய்யாததால் என் பெயருக்கு நேராக எப்போதும் பூஜ்யம் இருந்தது.

கேஜை நான் பேணிய முறையை இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் பட்டறையில் இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். மற்றவர்கள் இயந்திரத்தின் தலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் கேஜின் இரு முனைகளிலும் வைப்பேன். ஈரச் சந்தனம் எஃகில் காய்ந்தால் மறுநாள் காலையில் அங்கே பழுப்பாக ஒரு கறை தெரியும். கறைபட்ட கருவியால் அளப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. ஆகவே மிக நைசான உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, முனையைச் சுற்றி ஒரே சீராகத் தேய்ப்பேன். கறை நீங்கிய பிறகு விபூதியால் மெருகேற்றுவேன். ஆயுத பூஜைக்கு இவையனைத்தையும் மும்மடங்காகச் செய்வேன்.

அந்தக் கேஜைப் போல் பளபளத்த கருவி தொழிற்பேட்டையில் வேறில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அதில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டவர்களும் உண்டு. கேஜ் வாங்கியபோது கூடவே ஒரு சான்றிதழ் வந்தது. அளவு சரியாக இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கேஜை மறுபடியும் சோதிக்க வேண்டும் என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. நான் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். சட்டத்தின் மரவிளிம்பு அந்தச் சிறிய எழுத்தை மறைத்துக்கொண்டது.

புஷ்களைக் கடைந்த டர்னர் மேனாம்பேட்டுக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். அவருடைய பெற்றோர் பிறர் வயலில் நடவு நட்டவர்கள். அக்குடும்பத்தில் இயந்திரத்தைத் தொட்ட முதல் ஆள் அவர். லேத்தின் சத்தத்தைக் கேட்டே உளி எவ்வளவு ஆழம் வெட்டுகிறது என்று சொல்லிவிடுவார். அளப்பதற்கு, மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கிய ஒரு காலிப்பரும் ஒரு மைக்ரோமீட்டரும் அவரிடம் இருந்தன. அவற்றைக் கிழிந்த வேட்டித் துணியில் சுற்றி வைத்திருப்பார். அவற்றுக்குச் சந்தனம் வைப்பதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அதுக்கு இன்னா கண்ணாலமா?" என்றார்.

எழுபதுகள் பிறந்த பிறகு ஓர் ஆண்டில் கரும்பலகையில் அவருடைய எண் ஏறத் தொடங்கியது. ஒருநாள் நான் சிவப்புப் பொட்டு வைத்த புஷ்ஷை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"அண்ணாத்தே, இது கரெக்டா கீது. ரெண்டு வாட்டி அளந்தேன்."

"எதால அளந்தே?"

"என் காலிப்பர்ல."

மில்லிங் இயந்திரத்தில் நின்றவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "மாமே, அந்தக் காலிப்பர வெச்சு பூசணிக்காதான் அளக்கலாம்."

"உன் தலைய கூட அளந்தேன். உள்ள ஒண்ணியும் இல்லன்னு காமிச்சுது. கரெக்டாத்தானே காமிச்சுது?" என்றார் டர்னர்.

நான் சுவரைக் காட்டினேன். "சர்ட்டிபிகேட் இருக்குது, பாரு."

"அத்த எப்போ குட்தாங்கோ?"

"எப்ப குடுத்தா என்ன? அது எப்பவும் செல்லும்."

"ஆளு நானே வருசத்துக்கு வருசம் எளைக்கிறேன் அண்ணாத்தே. அது மட்டும் அப்டியே இருக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் புஷ்ஷைப் பெட்டியில் போட்டேன்.

அவருடைய எண் நூற்று எழுபத்தாறைத் தொட்டபோது முதலாளி அவரைக் கூப்பிட்டு, இனியும் ஏறினால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். அதற்குப் பிறகு எண் நகரவில்லை. இரண்டு மாதம் ஒரு சிவப்புப் பொட்டுகூட வைக்க வேண்டியிருக்கவில்லை. எப்படிச் செய்தார் என்று விசாரித்தேன்.

"கையி சொல்றத வுட்டுட்டேன். உன் கேஜு சொல்றத கேட்டுகினு வெட்டறேன்," என்றார்.

என் பணிக்காலத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று அன்று எண்ணினேன்.

குமணன்சாவடிக்கு அப்பால் இருந்த ஒரு பம்புத் தொழிற்சாலை எங்கள் புஷ்களை வாங்கி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அங்கிருந்து ஒரு லாரி வந்து, நாங்கள் அனுப்பியிருந்த இரண்டு மாதத்துப் புஷ்களையும் இறக்கிவிட்டுப் போயிற்று. துளை சிறிதாக இருக்கிறது, தண்டு நுழையவில்லை என்று ஒரு சீட்டு கூடவே இருந்தது.

முதலாளி ஒரு புஷ்ஷை எடுத்துக் கேஜின் நுழையும் முனையை விட்டுப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போயிற்று. "கேஜ் போகுது, தண்டு போகலையாம். என்னய்யா இது?"

"கேஜ் சரியாத்தான் இருக்குது சார். சூடு ஆறாம பீசை எங்கிட்ட கொடுத்திருப்பான். அப்புறம் ஆறிச் சுருங்கியிருக்கும்," என்றேன். இந்த விளக்கத்தை நானே முழுமையாக நம்பினேன்.

"அப்ப சனிக்கிழமையோட அவனை நிறுத்திடறேன். ஆனா அவங்களுக்கு ஆதாரம் காட்டணும். நீ கேஜை எடுத்துட்டுப் போய் அவங்க டெஸ்ட் ரூம்லயே அளந்து, சரியா இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வா."

இது டர்னருக்குக் கேட்கும் தொலைவில் நடந்தது. அவர் லேத்தை நிறுத்தவில்லை. நான் கேஜைப் பட்டுத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திருவேற்காடு வழியாகச் சைக்கிளில் புறப்பட்டேன்.

அந்தத் தொழிற்சாலையில் கருவிகளை அளப்பதற்கென்றே குளிர்சாதனம் பொருத்திய ஓர் அறை இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. மூக்குக்கண்ணாடி அணிந்த மெலிந்த மனிதர் ஒருவர் பட்டுத் துணியைப் பிரித்து, கேஜைப் பார்த்து, சற்று நேரம் அதில் தம் முகத்தையும் பார்த்தார். பிறகு ஓர் இயந்திரத்தில் வைத்து அளந்தார். திருப்பி வைத்து அளந்தார். பல இடங்களில் அளந்தார்.

"சின்னதா இருக்குதே," என்றார்.

"எந்த முனை சார்?"

"ரெண்டும். வேலை செஞ்சு தேஞ்சா நுழையற முனைதான் தேயும். நுழையாத முனை எதுக்குள்ளயும் போறதில்ல, அது தேய வழியே இல்ல. உங்களுது ரெண்டும் தேஞ்சிருக்கு. அதுவும் சுத்திலும் ஒரே சீரா. எங்க ஆளுங்களுக்கே இவ்வளவு சீரா தேய்க்க வராது. இதை என்ன பண்றீங்க?"

நான் சொன்னேன். சந்தனம், குங்குமம், கறை, உப்புத்தாள், எண்ணெய், விபூதி, ஆயுத பூஜை என்று முறை பிறழாமல் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சந்தனம் அரைச்சதா, கடையில வாங்கினதா?"

"அரைச்சது சார்."

தலையசைத்தார். பிறகு ஒரு தாளில் இரண்டு வட்டங்கள் வரைந்து விளக்கினார். நுழையக் கூடாத முனை இளைத்துவிட்டதால் அது நல்ல புஷ்களுக்குள்ளும் நுழைந்திருக்கிறது; அவற்றை நான் தவறு என்று தள்ளியிருக்கிறேன். நுழைய வேண்டிய முனையும் இளைத்துவிட்டதால் அது சிறுத்த துளைகளுக்குள்ளும் போயிருக்கிறது. அவற்றை நான் சரி என்று அனுப்பியிருக்கிறேன். ஒரு மயிரிழையில் ஆறில் ஒரு பங்கு இதற்குப் போதுமானதாக இருந்தது.

அவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. "நாள்பட்ட உபயோகத்துல தேஞ்சதுன்னு எழுதிடட்டுமா? யாருக்கும் தொந்தரவில்ல," என்றார்.

"எழுதுங்க சார்," என்றேன்.

எழுதிக் கொடுத்தார். புதிய கேஜ் வரும்வரை பயன்படுத்திக்கொள்ளும்படி தங்களுடைய கேஜ் ஒன்றையும் கொடுத்தார். வாசல்வரை வந்து, "இது எங்களோடது. தயவுசெஞ்சு கும்பிடாதீங்க," என்றார்.

பட்டறைக்குத் திரும்பியதும் முதலாளி கடிதத்தைப் படித்தார். "அப்ப யார் மேலயும் தப்பில்ல. அவனை வேலையப் பாக்கச் சொல்லு," என்றார். விஷயம் அத்துடன் முடிந்தது என்று நினைத்து டர்னரின் லேத்துக்குப் போனேன்.

"நீ வேலைய விட்டு நிக்க வேண்டியதில்ல. கேஜ் பழசாயிடுச்சாம்."

அவர் லேத்தை நிறுத்தினார். "பழசாயிடுச்சா? எவ்ளோ நாளா?"

"அது தெரியல."

"சர்தான். நான் சனிக்கெளமயோட நின்னுக்கறேன் அண்ணாத்தே."

"ஏம்பா? அதான் உன் தப்பு இல்லன்னு ஆயிடுச்சே."

"இன்னா ஆயிடுச்சு? போர்டுல இன்னா கீது? நூத்தி எழுவத்தாறு. மேனாம்பேடு முச்சூடும் தெரியும், நான் பீச வேஸ்ட்டு பண்றவன்னு. அத்த கூட வுடு." ஒரு புஷ்ஷை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "போன வருசம் கண்ண மூடிகினு வெட்டுவேன், கரெக்டா நிக்கும். இப்போ கையி தானா சின்னதா வெட்டுது. உன் கேஜுக்கு வெட்டி வெட்டி அப்டி பயகிடுச்சு. எது கரெக்ட்டுன்னே எனுக்கு தெரில. அப்பறம் டர்னர்னு சொல்லிகினு நான் இன்னாத்துக்கு இங்க நிக்கணும்?"

மறுபடியும் லேத்தை ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் பதில் சொல்ல முடியாது.

மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். தவறான புஷ் என்றால் உருக்கி மறுபடியும் வார்த்துவிடலாம். அவருடைய கை அப்படிப்பட்டதன்று. அது சரியாகவே இருந்தது. சரியாக இருப்பதை ஒவ்வொரு நாளும் என்னிடம் கொண்டுவந்து காட்டியது. நான் உரத்த குரலில் ஓர் ஆண்டு சொல்லிச் சொல்லி அதைத் தவறாக்கினேன். இவ்வளவையும் ஒரு பளபளப்பான கருவியைக் கொண்டு, ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் செய்திருந்தேன். எதிரே சுவரில் என் பெயருக்கு நேராகப் பூஜ்யம் இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. பகல் ஒரு மணிக்கு எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது, சற்று இருக்கும்படி கேட்டுக்கொண்டேன். முதலாளியும் தம் அறையிலிருந்து வந்தார். டர்னர் தம் காலிப்பரையும் மைக்ரோமீட்டரையும் வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கேஜ் உபயோகத்துல தேயலை. நான்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்," என்றேன்.

"அப்ப அந்த லெட்டர்?" என்றார் முதலாளி.

"அப்படி எழுதட்டுமான்னு கேட்டாங்க சார். எழுதச் சொன்னேன்."

மில்லிங்காரர்தான் முதலில் பேசினார். "வெள்ளிக்கெளம வெள்ளிக்கெளம பொட்டு வெச்சு, சனிக்கெளம தேச்சியே, அதா?"

"அதான்."

"நாங்க இன்னாடான்னா அதுல மொகம் பாத்துகினு இருந்தோம் நைனா."

மேசைக்கு அடியிலிருந்த மரப்பெட்டியை இழுத்து, புஷ்களையெல்லாம் மேசைமீது கொட்டினேன். பக்கத்தில் ஒரு குவளையில் மண்ணெண்ணெயும் துணியும் வைத்துக்கொண்டேன். கடன் வாங்கிய கேஜால் முதல் புஷ்ஷை அளந்தேன். ஒரு முனை நுழைந்தது, மறுமுனை நுழையவில்லை. "சரி" என்று பட்டறை முழுவதும் கேட்கும்படி சொன்னேன். அவ்வறையில் ஒரு புஷ்ஷைக் குறித்து அச்சொல்லை நான் உச்சரித்தது அதுவே முதல்முறை. மண்ணெண்ணெயால் சிவப்புப் பொட்டை அழித்துத் தட்டில் வைத்தேன். இரண்டாவதை எடுத்தேன். "சரி."

டர்னர் மூட்டையைக் கட்டியபடி முதுகைக் காட்டி நின்றார். இருபதாவது புஷ்ஷின்போது கட்டுவதை நிறுத்தினார். ஐம்பதாவதின்போது மேசைக்கு எதிரே வந்து நின்றார். மற்றவர்கள் ஆளுக்கொரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டார்கள். முதலாளி டீக்குச் சொல்லி அனுப்பினார். என் குரல் கம்மத் தொடங்கியது. ஒருவரும் போதும் என்று சொல்லவில்லை.

எழுபது சொச்சத்தில் ஒரு புஷ்ஷுக்குள் நுழையக் கூடாத முனை நுழைந்தது. இழுத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன், நுழைந்தது. அன்று மதியம் எனக்கு எல்லாவற்றையுமே சரி என்று சொல்லிவிடும் மனநிலை இருந்தது. கை நின்றதை டர்னர் கவனித்துவிட்டார். புஷ்ஷையும் கேஜையும் என்னிடமிருந்து வாங்கித் தாமே நுழைத்துப் பார்த்தார்.

"உள்ள பூடுச்சு. இது என் தப்பு. பெயிண்ட்ட அழிக்காத."

"தவறு," என்றேன்.

"சத்தமா சொல்லு அண்ணாத்தே. மத்தத சத்தமா சொன்ன இல்ல?"

"தவறு!"

அதைத் தனியே எடுத்து வைத்தார். மொத்தத்தில் பதினைந்து புஷ்கள் அவ்வாறு தனியே போயின. நூற்று அறுபத்தொன்று சரியாக இருந்தன. கரும்பலகையில் அவருடைய எண்ணை அழித்துப் பதினைந்து என்று எழுதினேன். என் பெயருக்கு நேராக இருந்த பூஜ்யத்தை அழித்து நூற்று அறுபத்தொன்று என்று எழுதினேன். என் கையெழுத்து அன்றும் நன்றாகவே இருந்தது. டர்னர் பலகையைப் படித்துவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் நான் போனபோது அவருடைய சைக்கிள் சுவரோரம் சாய்ந்திருந்தது. லேத் ஓடிக்கொண்டிருந்தது. அன்று அவர் கொண்டுவந்த புஷ்கள் பெரும்பாலும் சிறுத்திருந்தன. சொன்னேன், பெட்டியில் போட்டேன். அவர் ஒவ்வொன்றிலும் கேஜைத் தாமும் ஒருமுறை நுழைத்துப் பார்த்துவிட்டு, போய் மறுபடியும் வெட்டினார். செவ்வாய்க்கிழமை பாதி தேறியது. புதன், வியாழனில் இன்னும் தேறின.

வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டும்போது சந்தனத்தை மேசையின் காலில் வைத்தேன். மேசைக்காலுக்கு யாரும் அளவு குறிப்பிட்டிருக்கவில்லை. அன்று அவர் லேத்தை விட்டு நகராமல், காலிப்பரைக்கூட எடுக்காமல், ஐந்து புஷ்களை அடுத்தடுத்து வெட்டி, ஆறவைத்து, ஒன்றாகக் கொண்டுவந்து என் முன்னால் வரிசையாக வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஐந்தையும் அளந்தேன்.

"சரி," என்றேன்.

"இன்னா?"

"சரி."

"கேக்கல அண்ணாத்தே. மில்லிங்கு ஓடுது பாரு."

மில்லிங்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நின்று, ஐந்து முறை சொன்னேன்.